ஒரே வீட்டில் அடுத்தடுத்து டி.பி. வருவது ஏன்?

கொருக்குப்பேட்டை பிளாக்:
ஞாயிற்றுக்கிழமை எங்க நலச்சங்கக் கூட்டத்துல டி.பி. பத்திப் பேசணும். 2023-ல உலகத்துல புதுசா டி.பி. வந்தவங்கள்ல நூத்துக்கு 26 பேர் இந்தியாவுல, அதாவது சுமார் 28 லட்சம் பேர்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. டெஸ்ட், மருந்து ரெண்டும் இலவசம். அப்புறமும் ஒரு வீட்டுல ஒருத்தருக்கு முடிஞ்சா அடுத்தவருக்கு ஏன் வருது? ஒரே அறையில அஞ்சு பேர் படுக்குற ஹவுசிங் போர்டு வீட்டுக்கு என்னதான் சொல்றது? நோயாளியை ஊருக்கு அனுப்பிடணும்னு சிலர் அடம் பிடிக்குறாங்க.

சளி டப்பா:
பாதி கோளாறு டெஸ்டுக்குச் சளி எடுத்துக் கொடுக்குற டப்பாவுலயே ஆரம்பிக்குது. வர்றதுல நிறைய வெறும் எச்சில், நுரையா தண்ணி மாதிரி இருக்கும். அதுல கிருமி தெரியாது, "இல்லை"ன்னு ரிசல்ட் வரும், ஆள் இன்னும் ரெண்டு மாசம் வீட்டுலயே இருமிக்கிட்டு இருப்பார்.

காலையில எழுந்ததும் வெறும் தண்ணியில வாய் கொப்பளிக்கணும். மாவா, வெத்தலை போடுறவங்க கட்டாயம் செய்யணும், இல்லன்னா சாம்பிள் சிவப்பா வந்து ரத்தம்னு குழப்பும். ரெண்டு மூணு தடவை மூச்சை ஆழமா இழுத்துப் பிடிச்சு, அடிநெஞ்சுல இருந்து இருமணும். கெட்டியா 2 முதல் 5 மில்லி போதும். எடுக்கிற இடம் மொட்டை மாடி. கழிவறையோ மாடிப்படியோ வேணாம். பேரை மூடியில எழுதாதீங்க, மூடி மாறிடும், டப்பா மேல எழுதுங்க. அன்னைக்கே கொடுத்துடுங்க.

மைக்ராஸ்கோப்ல தெரியணும்னா ஒரு மில்லியில குறைஞ்சது 5,000 கிருமியாவது இருக்கணும். அதனால கிருமியோட மரபணுவைத் தேடுற சிபிநாட் அல்லது ட்ரூநாட் டெஸ்ட் கேளுங்க. முக்கியமான டி.பி. மருந்து ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதான்னும் அதுலயே தெரிஞ்சிடும்.

மாத்திரை அட்டை:
அடுத்த ஓட்டை ரெண்டாவது மாசம். இருமல் நிக்குது, பசி எடுக்குது, மூட்டை தூக்குற வேலைக்குத் திரும்பிடுறாங்க, மாத்திரையும் நின்னுடுது. சாதாரண டி.பி.க்கு முதல் 2 மாசம் நாலு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த 4 மாசம் மூணு மருந்து. அளவு எடையைப் பொறுத்தது: 35–49 கிலோவுக்கு தினம் 3, 50–64 கிலோவுக்கு 4. சிறுநீர் ஆரஞ்சா போகும், பயப்படவேண்டாம்னு முதல் நாளே சொல்லிடுங்க. அதைப் பார்த்தே நிறுத்தினவங்க உண்டு. ஆனா கண்ணு மஞ்சளானா மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும். குடிக்கிறவங்களுக்கு இந்த ஆபத்து கூட.

வீட்டுல மத்தவங்களுக்கு எக்ஸ்ரே எடுத்து, நோய் இல்லைன்னு தெரிஞ்சா தடுப்பு மாத்திரை உண்டு: வாரம் ஒரு நாள் வீதம் 12 வாரம், இல்லன்னா தினம் ஐசோனியசிட் 6 மாசம். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே"ன்னு தட்டிக்கழிக்கிறது இங்கதான். அடுத்த நோயாளி பெரும்பாலும் அவங்கள்ல இருந்துதான் வர்றாங்க.

சேத்துப்பட்டு ரோடு:
ஊருக்கு அனுப்புற பேச்சுக்கு இதே சென்னையில பதில் கிடைச்சாச்சு. 1956-ல சேத்துப்பட்டுல ஆரம்பிச்ச டி.பி. மருந்து ஆய்வு மையம், நகரத்து ஏழை நோயாளிகள்ல ஒரு பாதியை சானட்டோரியத்துலயும் (டி.பி. நோயாளிகள் தங்குற ஆஸ்பத்திரி) இன்னொரு பாதியை அவங்க நெருக்கடியான வீடுகள்லயும் வெச்சு மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959-ல முடிவு வந்துச்சு: குணமாகிறது ஏறக்குறைய சமம், வீட்டுல இருந்தவங்களால குடும்பத்துக்குக் கூடுதலா பரவவும் இல்லை. மருந்து ஒழுங்கா உள்ள போனா தொத்துறது சீக்கிரமே குறைஞ்சிடும். ஊருக்கு அனுப்பினா மருந்துதான் பாதியில அறுந்துபோகும்.

கொருக்குப்பேட்டை பிளாக்:
நன்றி. குழந்தையிலயே பிசிஜி தடுப்பூசி போட்டாச்சேன்னு கேட்பாங்க. நோயாளி சத்தா சாப்பிட அரசு தர்ற மாசம் 500 ரூபாய் வராதது பத்தியும் புகார் வரும்.

சேத்துப்பட்டு ரோடு:
பிசிஜி சின்னப் பிள்ளைங்களுக்கு மூளைக்காய்ச்சல் மாதிரி கடுமையான டி.பி. வராம காக்கும். பெரியவங்களோட நுரையீரல் டி.பி.யைத் தடுக்கலைன்னு செங்கல்பட்டுல நடந்த பெரிய ஆய்வு காட்டிடுச்சு.

பணம் 2024 நவம்பர்லேருந்து மாசம் 1,000. வரலைன்னா முதல்ல கணக்கு உயிரோட இருக்கா, ஆதாரோட சேர்ந்திருக்கான்னு பாருங்க. தனியார் டாக்டர்கிட்ட பார்க்குறவங்களுக்கும் உண்டு, அவர் நோயாளியை அரசோட டி.பி. பதிவுத் தளமான நிக்‌ஷய்ல பதிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். 2012-லேருந்தே அது அவர் கடமை.