புதுப்பிப்பு: ஞானப்பல் எடுத்துப் பத்து நாள் ஆகிறது

கீழ்த்தாடையில் புதைந்திருந்த ஞானப்பல்லை அறுத்து எடுத்த அன்று, வலிக்கு என்ன செய்வது, எதைச் சாப்பிடுவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மரப்பு விடும் முன்பே மாத்திரை போடச் சொன்ன பதிலைத் தாமதமாகத்தான் பார்த்தேன். முதல் இரவு தூக்கமே இல்லை. மறுநாளிலிருந்து டாக்டர் எழுதிய இபுப்ரோஃபெனையும் பாராசிட்டமாலையும் வலி வரட்டும் என்று காத்திராமல், சாப்பிட்டபின் நேரப்படி போட்டேன். அதற்குத்தான் வலி அடங்கியது.

ஐஸ்கிரீம் இரண்டே வேளையில் திகட்டிவிட்டது. காப்பாற்றியது ஒரு அக்கா சொன்ன கேழ்வரகுக் கூழ். நன்றாக ஆறவைத்து, மோர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, சின்ன ஸ்பூனால் மறுபக்கமாக. ஸ்ட்ரா கூடாது, உறிஞ்சினால் குழியில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். மூன்றாம் நாள் குழைந்த சாதம், பருப்பு, நெய். இட்லி சுலபம் என்று நினைத்தேன், அதன் துணுக்கு தையலில் போய் உட்கார்ந்துகொண்டது! 24 மணி நேரத்துக்குப் பின் தொடங்கிய உப்பு வெதுநீர்க் கொப்பளிப்புதான் அதை வெளியேற்றியது.

எதிர்பாராதது வீக்கம். மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போனது. பயந்து போன் செய்தேன். வழக்கம்தான், ஆனால் வலி குறையாமல் கூடினால் உடனே வாருங்கள் என்றார் டாக்டர். கூடவில்லை. வாய் மட்டும் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. கொட்டாவி வந்தால் கையால் தாடையைப் பிடித்துக்கொள்கிறேன்.