ரோலர் டெர்பி: கபடிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

திருமங்கலம் பி.டி.:
வணக்கம். எங்க காலேஜ்ல நாலு சக்கர ஸ்கேட் நல்லா ஓட்டுற பொண்ணுங்க 12 பேர் இருக்காங்க. பாதிப் பேர் கபடி டீம். பந்தே இல்லாத ஆட்டத்துல பாயிண்ட் எப்படி வருது? பாஸ்கெட்பால் கோர்ட்லயே ஆடிரலாமா?

நாலுசக்கரம்:
ரெய்டரை நினைச்சுக்கங்க சார். நீள்வட்ட டிராக்ல டீமுக்கு 5 பேர். ஹெல்மெட்ல நட்சத்திர உறை போட்டவர் ஜாமர், மத்த 4 பேர் பிளாக்கர். விசில் அடிச்சதும் ஜாமர் பின்னால இருந்து கிளம்பி பிளாக்கர் கூட்டத்தை உடைச்சுத் தாண்டணும். முதல் தடவைக்குப் பாயிண்ட் கிடையாது. தப்பில்லாம முதல்ல வெளிய வர்றவர் லீட் ஜாமர். சுத்தி வந்து மறுபடி தாண்டும்போது, எதிரணி பிளாக்கர் ஒருத்தருக்கு 1 பாயிண்ட்.

ஒரு ஜாம், அதாவது ஒரு சுற்று ஆட்டம், அதிகபட்சம் 2 நிமிஷம். ஆனா லீட் ஜாமர் ரெண்டு கையாலயும் இடுப்புல தட்டினா அங்கயே முடிஞ்சது. 4 எடுத்த கையோட, எதிரணி ஜாமர் பாயிண்ட் எடுக்குறதுக்குள்ள தட்டிட்டா 4-0. ஆட்டத்தோட மூளை இதுதான். லீட் ஜாமர் பெனால்ட்டிக்குப் போனா அந்த உரிமை போயிரும்.

வைகைக்கரை:
கபடிப் பிள்ளைங்கன்னா கையில கவனம் வைங்க. பிடிக்க, இழுக்க, கையால தள்ளக் கூடாது, முழங்கையும் கூடாது. தோள், இடுப்பு, உடம்பாலதான் மறிக்கணும். முதுகு, தலை, தொடைப் பாதிக்குக் கீழ இடிச்சாலும் தப்பு. ஒவ்வொண்ணுக்கும் 30 செகண்ட் வெளிய, 7 ஆனா ஆட்டத்தை விட்டே வெளிய. ரெண்டு கையையும் நெஞ்சோட மடக்கி வச்சே முதல் ரெண்டு வாரம் பழக்குங்க.

இன்னொண்ணு, கோட்டுக்கு வெளிய தள்ளப்பட்டவர், தள்ளினவருக்குப் பின்னாலதான் திரும்ப வரணும். முன்னால நுழைஞ்சா பெனால்ட்டி. புதுசா ஆடுறவங்க அதிகம் மாட்டுறது இதுலதான்.

நாலுசக்கரம்:
கோர்ட் பத்தாது சார். நீளம் 92 அடி, சரி. அகலம் 49 அடிதான். டிராக்குக்கே 88க்கு 55 அடி வேணும், அதுக்கு வெளிய நடுவர் ஓட 10 அடி. நடுவுல 35 அடி தள்ளி ரெண்டு புள்ளி வச்சு, 12.5 அடி கயித்துல அரைவட்டம் போட்டு, நேர்கோட்டால சேர்த்தா உள்கோடு. வெளிக்கோட்டுக்கு 26.5 அடி, புள்ளியை அகலவாக்குல ஒரு முனையில 1 அடி இந்தப் பக்கம், மறுமுனையில 1 அடி அந்தப் பக்கம் நகர்த்திக்கங்க. கோட்டு மேல மெல்லிய கயிறு வச்சு டேப் ஒட்டுங்க, குனிஞ்சு பாக்காமலே சக்கரத்துக்குத் தெரியும். உள்ளுக்கு 150, வெளிய 240 அடி கயிறு பிடிக்கும்.

வைகைக்கரை:
சொரசொரப்பான சிமெண்ட் தரைன்னா 78ஏ–85ஏ (சக்கரத்தோட கடினத்தைச் சொல்ற எண்) மெதுச் சக்கரம் போடுங்க. கடினச் சக்கரம் அதிரும், சின்னக் கல்லுக்கே இடறும். மவுத் கார்டு, கைமணிக்கட்டு, முழங்கை, முழங்கால் காப்பு இல்லாம யாரையும் இறக்காதீங்க. சின்னப் பிள்ளைங்க போடுற மெல்லிசு முழங்கால் காப்பு முதல் நாளே விரியும். விழுந்தா விரலை உடனே மூடச் சொல்லுங்க. பின்னால வர்ற சக்கரம் ஏறுறது விரிச்ச விரல் மேலதான்.

திருமங்கலம் பி.டி.:
நன்றிண்ணே. அப்ப கோர்ட்ல இப்போதைக்கு என்ன பழக்கலாம்?

வைகைக்கரை:
மூணு பேர் இடுப்போட இடுப்பு ஒட்டி நின்னு, ஒரு ஜாமரைப் பத்தடிக்குள்ள நிறுத்தி வைக்கிறது. அதுக்கு நேர்ப்பாதையே போதும்.