ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் வங்கிப் பணி

கேள்வி:
அண்ணாமலை செட்டியாரைச் சிதம்பரம் பல்கலைக்கழகத்தின் நிறுவனராகவே பலரும் அறிவோம். இந்தியன் வங்கியின் தொடக்கத்தில் அவருக்கிருந்த பங்கை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, 1906-இல் சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய ஆர்பத்நாட் என்ற வங்கி, வணிக நிறுவனம் நொடித்து, அதை நம்பிப் பணம் போட்ட எண்ணற்ற குடும்பங்கள் சேமிப்பை இழந்து நின்றபோது, இந்தியர்களே நடத்தும் வங்கி வேண்டும் என்று வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முனைந்தார். கடல் கடந்தும் கொடுக்கல் வாங்கல் செய்து தலைமுறைகளாகப் பழகிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) அதற்குத் தோள்கொடுத்தனர். 1907 ஆகஸ்ட் 15 அன்று வங்கி தொடங்கியது. 1881-இல் பிறந்த அண்ணாமலை செட்டியாரும் அவருடைய தமையனார் இராமசாமி செட்டியாரும் அதன் முன்னோடிகள். அண்ணாமலை செட்டியார் இருபத்தைந்து வயதிலேயே இப்பணியில் இறங்கியது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

மறுமொழி 2:
இதனுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 1920-இல் அவர் நிறுவிய மீனாட்சி கல்லூரியே 1929-இல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதற்காக 20 லட்சம் ரூபாயும் வழங்கினார். ஆயினும் தமிழிசை இயக்கத்தைத் தாங்கி நின்றதையே அவருடைய பெருங்கொடையாக நான் கருதுகிறேன். கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாடல்கள் ஓரங்கட்டப்பட்ட காலத்தில் அவர் அதைச் செய்தார்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஆர்பத்நாட் வீழ்ச்சிக்கும் இவ்வங்கிக்கும் உள்ள தொடர்பை இன்றுதான் அறிந்தேன்.