மறு: தண்ணீருக்குள் வைக்கும் பொறிக்கு ஸ்டாண்டு – தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்,

விலங்கு பிடிக்கும் பொறியைத் தண்ணீருக்குள் நிறுத்தி வைக்கிற ஸ்டாண்டுக்கு நம் சொற்பட்டியலில் என்ன சொல் போடலாம் என்ற கேள்விக்கு இது என் பதில். 'நிலைப்படுத்தி' வேண்டாம் என்றே சொல்வேன், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் மாட்டும் ஸ்டெபிலைசர் பெட்டி அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. 'தாங்கி'யும் சரிப்படாது. அது பேரிங்குக்குப் போய்விட்டது, தவிர இந்த ஸ்டாண்டின் வேலை பாரம் சுமப்பது இல்லை.

பொருளைப் பார்ப்போம். கனடாவில் பிராங்க் கானிபேர் என்ற வேட்டைக்காரர் வடிவமைத்து 1950களில் விற்பனைக்கு வந்த பொறி. கம்பியால் ஆன இரண்டு சதுரச் சட்டங்கள், பக்கத்தில் வில். மரத்தைக் கடித்து நீரில் அணை கட்டும் விலங்கான பீவருக்கு வைக்கும் 330 என்ற அளவில் சட்டம் 10 அங்குலம். காலைக் கவ்வும் பொறி போல இது படுத்துக் கிடக்காது, விலங்கு நுழையும் வழியில் சன்னல் மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும். ஓடும் நீர் அதைத் தள்ளும், நீந்தி வருகிற விலங்கு இடித்தாலும் சாயும், சாய்ந்துவிட்டால் கழுத்தில் விழ வேண்டிய அடி வேறெங்கோ விழுந்து அந்த உயிர் துடித்துக் கிடக்கும். அதற்காகச் சட்டத்தை இறுகப் பிடித்து நிறுத்தினாலோ, விசை தட்டியதும் மூட வழியில்லை. சாயவும் விடக் கூடாது, மூடுவதைத் தடுக்கவும் கூடாது. சொல்லில் இது வர வேண்டும்.

காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பிக் கோடி போகும்போது மீன் பிடிக்கப் பறி வைப்பதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மூங்கில் பறியை நீர் உருட்டிவிடாமல் இரண்டு பக்கமும் கவைக்குச்சி, அதாவது நுனி இரண்டாகப் பிரிந்த குச்சி, ஊன்றுவார்கள், கவை பறியின் கழுத்தை அணைத்தபடி இருக்கும், இறுக்காது. அப்புறம் பறியின் கயிறு தனியாகக் கரையில் ஒரு முளையில் இருக்கும், மாட்டைக் கட்டுகிற அதே முளைதான்.

பொறியிலும் இதே இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஸ்டாண்டு நிறுத்தி வைக்கும், சங்கிலி தனிக் கம்பில் போய்ச் சேரும், பிடிபட்டது நீரோடு போகாமல் இருக்க. நம் வரைவுப் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே சொல் போட்டிருக்கிறோம், அது தப்பு. எனவே ஸ்டாண்டுக்கு 'ஊன்றுகவை', சங்கிலி கட்டும் கம்புக்கு 'முளை'.

சேற்றுக்கு நீளக் கால் வேண்டும், கல் தரையில் கால் இறங்காது என்பதால் அடியில் தட்டு வைத்துப் பற்றவைத்தது வேண்டும். இவை நெடுங்கால் கவை, தட்டடிக் கவை. மரத்தில் செய்தால் காய்ந்த கம்பாக இருக்கட்டும் என்ற குறிப்பையும் விடாதீர்கள், பச்சைக் கிளையைப் பீவர் தின்றுவிடும். பீவரை 'நீர்நாய்' என்று எழுதியிருப்பதையும் தயவுசெய்து மாற்றுங்கள். நீர்நாய் நம் ஊர் விலங்கு, 1972 வனவிலங்குச் சட்டம் அதைக் காக்கிறது. பொறி வைக்கும் பக்கத்தில் அந்தப் பெயர் வருவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஆம்பூர் அம்மா 'ஊன்றுக்கவை' என்று க் போட வேண்டுமா எனக் கேட்டிருந்தார்கள். வேண்டாம் அம்மா, வினைத்தொகை, ஊறுகாய், ஊன்றுகோல் போலத்தான். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்குள் எழுதுங்கள், பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.