விடுதி மெஸ் மிச்சத்தை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க முடியுமா?

மூன்றாமாண்டு மாணவி:
எங்கள் பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியில் நானூறு பேருக்குமேல் சாப்பிடுகிறோம். ராத்திரி ஆனால் சோறு, சாம்பார், பொரியல் எல்லாம் டிரம் டிரம்மாக மிஞ்சுகிறது. குப்பை லாரி தினமும் வருவதில்லை, நாற்றம் தாங்கவில்லை. இன்னொரு பக்கம் தூங்குமூஞ்சி மரத்துச் சருகைக் கூட்டி எரிக்கிறார்கள். நாங்கள் சில பேர் சேர்ந்து உரம் தயாரிக்கலாம் என்றிருக்கிறோம். எதில் ஆரம்பிப்பது? வார்டனிடம் என்ன சொல்லிக் கேட்பது?

விடுதி உரத்தொட்டியைக் கவனித்துவந்த பழைய மாணவன்:
முதலில் அந்தச் சருகைக் காப்பாற்றுங்கள். சமைத்த சோற்றில் ஈரம் அதிகம். தனியாகக் குவித்தால் காற்றுப் புகாமல் அழுகி நாறும். ஒரு வாளி மிச்சத்துக்கு மூன்று வாளி சருகு என்று அடுக்குங்கள். தூங்குமூஞ்சி இலை பொடிசு, சீக்கிரம் மக்கும். மா இலை என்றால் நொறுக்கித்தான் போட வேண்டும். சாம்பார், ரசத்தை வடித்துவிட்டுக் கெட்டியை மட்டும் போடுங்கள். குவியல் மூன்றடி உயரமாவது இருந்தால்தான் உள்ளே சூடேறும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் சருகு போட்டுக் கிளறுங்கள்.

ஆனால் வார்டனிடம் போவதற்கு முன் மெஸ்ஸில் தட்டு கழுவும் அக்காக்களிடம் பேசுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பால் பாக்கெட், டிஷ்யூ, ஊறுகாய்க் கவர் எல்லாவற்றையும் நாம் தட்டிலேயே விட்டுவிட்டுப் போவோம். எச்சிலுக்குள் கைவிட்டு அதைப் பொறுக்குவது அவர்கள். நம்முடைய நல்ல காரியம் அவர்கள் தலையில் கூடுதல் வேலையாக விழக் கூடாது. கை கழுவும் இடத்தில் இரண்டு தொட்டி வைத்து, அவரவர் தட்டை அவரவரே வழிக்கட்டும். ஆரம்பத்தில் சாப்பாட்டு நேரத்தில் உங்களில் ஒருவர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும்.

வேறொரு வளாகத்தின் மெஸ் கமிட்டி உறுப்பினர்:
வார்டனிடம் சொல்ல ஒரு விஷயம்: நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் பல்கலைக்கழகங்களும் விடுதிகளும் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. ஒரு வாரம் டிரம்மை எடைபோட்டு அந்தக் கணக்கோடு போங்கள். அந்த எடையை மெஸ் வாசல் கரும்பலகையிலும் எழுதுங்கள். எங்கள் மெஸ்ஸில் அதைப் பார்த்தபிறகு, "அரைக் கரண்டி போதும் அண்ணா" என்று கேட்டு வாங்குகிறவர்கள் கூடினார்கள்.

மூன்றாமாண்டு மாணவி:
மிக்க நன்றி. மீன் முள், கோழி எலும்பு போடலாமா?

பழைய மாணவன்:
இப்போதைக்கு வேண்டாம். எலியும் நாயும் வந்து குவியலைக் கலைத்தால் நிர்வாகம் உடனே மூடச் சொல்லிவிடும். ஒரு தொட்டியாவது முழுசாக மக்கி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம். அக்காக்களிடம் பேசிவிட்டு இங்கே எழுதுங்கள்.