1917 ஜனவரியில் ஜெர்மனி எடுத்த நீர்மூழ்கிப் போர் முடிவை முடிவு மரமாக வரைவது எப்படி?

கேள்வி – அலைவாய்க்கரை

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் முடிவுப் பகுப்பாய்வைப் பற்றிப் பேச இருக்கிறேன். அதற்கு எடுத்துக்காட்டாக, முதல் உலகப் போரின் நடுவே 1917 ஜனவரி 9 அன்று சிலேசியாவின் பிளெஸ் மாளிகையில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முன்னிலையில் முடிவான கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போரைத் தேர்ந்திருக்கிறேன். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடற்பகுதியில் செல்லும் எந்த வணிகக் கப்பலையும், அது நடுநிலை நாட்டினுடையதாக இருந்தாலும், எச்சரிக்கையின்றி மூழ்கடிக்கலாம் என்ற அம்முடிவு பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போரில் இறங்கியது.

தேர்வுகளையும் அவற்றின் விளைவுகளையும் கிளைகளாகக் காட்டும் முடிவு மரத்தில், தொடங்குவது, பழைய கட்டுப்பாடுகளோடு நீடிப்பது என்று இரண்டு கிளைகளை வரைந்துவிட்டேன். நிகழ்தகவுகளை இடும்போதுதான் தடுமாறுகிறேன். விளைவு நமக்குத் தெரிந்திருப்பதால், பிரிட்டன் பணியும் வாய்ப்பைக் குறைத்தே எழுதத் தோன்றுகிறது. அன்று முடிவெடுத்தவர்களுக்கு அது அநீதி அல்லவா?

பதில் – எண்ணும் எழுத்தும்

அநீதிதான். ஆகவே நம் மதிப்பீட்டை ஒதுக்கிவிட்டு, அவர்கள் கையில் இருந்த கணக்கிலிருந்தே தொடங்குங்கள். ஜெர்மன் கடற்படைத் தலைமைப் பணியகத்தின் தலைவர் ஹோல்ட்செண்டார்ஃப் 1916 டிசம்பர் 22 தேதியிட்ட குறிப்பில், மாதம் 6 லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்து, அச்சத்தால் நடுநிலைக் கப்பல்களில் ஐந்தில் இரண்டு பங்கையும் விலகச் செய்தால், பிரிட்டனுக்கு வந்துபோகும் கப்பல் போக்குவரத்து ஐந்து மாதங்களில் 39 விழுக்காடு குறையும் என்றும், 1916 இன் உலக விளைச்சல் மோசமாக இருந்ததால் அந்த நாடு புதிய அறுவடைக்கு முன்பே சமாதானம் கேட்கும் என்றும் எழுதினார்.

இது ஒரு சங்கிலி; இதில் நான்கு கண்ணிகள் இருக்கின்றன: இலக்கு எட்டப்பட வேண்டும், நடுநிலையாளர்கள் அஞ்சி விலக வேண்டும், பற்றாக்குறை உணவுப் பஞ்சமாக முற்ற வேண்டும், பஞ்சம் அரசைப் பணிய வைக்க வேண்டும். முந்தையது நடந்தால் அடுத்ததும் நடக்கும் வாய்ப்பு 0.7 என்று தாராளமாகவே கொண்டாலும், நான்கையும் பெருக்கினால் ஏறத்தாழ 0.24 தான் கிடைக்கும். அந்தக் குறிப்போ ஒவ்வொரு கண்ணியையும் உறுதி என்றே நடத்தியது. முதல் கண்ணி உண்மையில் நிறைவேறியது என்பதைக் கவனியுங்கள். ஏப்ரலில் மட்டும் 8.5 லட்சம் டன்னுக்கு மேல் மூழ்கியது. பிப்ரவரி முதல் ஜூன் வரையிலான மாதச் சராசரியும் 6 லட்சத்தைத் தாண்டியது. ஆகவே "கடற்படை மிகைப்படுத்தியதால் தோற்றது" என்று சொல்வது பிழை. டன் கணக்கு பலித்தும் பிரிட்டன் பணியவில்லை.

நிகழ்தகவைத் தேடுவதை விட, எந்த நிகழ்தகவுக்கு மேல் அம்முடிவு நியாயமாகும் என்று கேட்பது பயனுள்ளது. வெற்றிக்கு 100, தோல்விக்கு 0, நீடிப்பதற்கு 40 என்று மதிப்பிட்டால், வெற்றி வாய்ப்பு 0.4 க்கு மேல் இருந்தால்தான் தொடங்கலாம். நீடிப்பதன் மதிப்பு வெறும் 10 என்றால் 0.1 போதும். வெர்டன், சோம் போர்களின் இழப்பையும், பிரிட்டனின் கடல் முற்றுகையால் உருளைக்கிழங்குக்குப் பதில் டர்னிப் தின்ற அந்தக் குளிர்காலத்தையும் பார்த்த தரைப்படைத் தலைவர்கள் ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும் நீடிப்பதைத் தோல்விக்குச் சமமாகவே கருதினார்கள். அரசின் தலைவரான சான்சலர் பெத்மன் ஹோல்வெக் நெடுநாள் அவ்வாறு கருதவில்லை. அவர்களுக்கிடையே இருந்த வேறுபாடு நீர்மூழ்கிகளின் ஆற்றலைப் பற்றியது என்பதை விட, எதுவும் செய்யாமல் இருந்தால் என்னவாகும் என்பதைப் பற்றியது என்றே நான் கருதுகிறேன். உங்கள் உரை அந்த எண்ணின் மீது நின்றால் நன்றாக இருக்கும்.

பதில் – கலங்கரை

மேலே சொன்னதில் ஒரு குறையைச் சுட்ட வேண்டும். பஞ்சமும் பணிவும் மழை பெய்வது போன்ற இயற்கை நிகழ்வுகள் அல்ல. அவற்றை எதிரி மாற்ற முடியும். பிரிட்டன் மேய்ச்சல் நிலங்களை உழுதது, கோதுமையிலிருந்து எடுக்கும் மாவின் அளவை உயர்த்தியது, 1917 மே முதல் கப்பல்களைப் போர்க்கப்பல் துணையோடு கூட்டமாக அனுப்பும் கான்வாய் முறையைத் தொடங்கியது. எதிரியின் பதில் நடவடிக்கைகளுக்கு மரத்தில் தனிக் கணு, அதாவது கிளை பிரியும் இடம், வேண்டும். அமெரிக்காவுக்கும் அப்படியே. அமெரிக்கா போரில் இறங்கினாலும் அதன் தாக்கம் சுழியம் என்று ஜெர்மன் கடற்படைச் செயலர் கப்பெல்லே நாடாளுமன்றக் குழுவிடமே கூறினார். 1918 நவம்பருக்குள் ஏறத்தாழ 20 லட்சம் அமெரிக்கப் படையினர் ஐரோப்பாவை அடைந்திருந்தனர்.

அலைவாய்க்கரை

இருவருக்கும் நன்றி. ஆயினும், கான்வாயையும், அமெரிக்காவில் பொருள் வாங்க டாலர் தீர்ந்துவந்த பிரிட்டனின் நெருக்கடியையும், மார்ச் மாத ரஷ்யப் புரட்சியையும் ஜெர்மன் தலைவர்கள் அறிந்திருக்க முடியாதே? நீடிப்பதன் மதிப்பு உண்மையில் உயர்ந்து வந்தது என்பதை நாம்தானே இப்போது சொல்கிறோம்?

பதில் – எண்ணும் எழுத்தும்

புரட்சியை யாரும் கணித்திருக்க முடியாது. அதை மரத்தில் சேர்க்க வேண்டாம். டாலர் நெருக்கடியின் அறிகுறியோ வெளிப்படையாகவே இருந்தது: வெளிநாட்டு அரசுகள் பிணையின்றிக் கடன் வாங்க வெளியிடும் கருவூலப் பத்திரங்களைப் பற்றி அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 1916 நவம்பர் இறுதியில் தன் வங்கிகளை எச்சரித்தது. பிரிட்டன் தன் உணவுப் பழக்கத்தையும் விவசாயத்தையும் மாற்றிக்கொள்ளும் என்பதை ஊகிக்கவும் ஜெர்மானியர்கள் தங்கள் சொந்த நாட்டைப் பார்த்திருந்தாலே போதும். முற்றுகையின் நடுவே அவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்திருந்தனர். ஜெர்மன் உள்துறைச் செயலர் ஹெல்ஃபெரிச் கடற்படையின் புள்ளிவிவரங்களை அப்போதே மறுத்து வாதிட்டதால், மாற்றுக் கணக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது.

உங்கள் மரத்தில் மூன்றாவது கிளை ஒன்று விடுபட்டிருக்கிறது: காத்திருப்பது. டிசம்பர் 18 அன்று அமெரிக்க அதிபர் வில்சன் இரு தரப்பாரிடமும் சமாதான நிபந்தனைகளைக் கேட்டிருந்தார். ஜனவரி 22 அன்று வெற்றியற்ற சமாதானத்தைப் பற்றி செனட்டில் பேசினார். சில வாரங்கள் பொறுத்திருந்தால் கிடைக்கும் தகவலுக்கு ஒரு விலை உண்டு. ஆகஸ்டு அறுவடைக்கு முன்பே முடிக்க வேண்டும் என்ற கெடு, அந்த விலையைக் கணக்கிடவே இடம் தரவில்லை. ஜனவரி இறுதியில் பெத்மன் ஒத்திவைக்கக் கேட்டபோது, நீர்மூழ்கிகள் புறப்பட்டுவிட்டன, அவற்றைத் திரும்ப அழைக்க இயலாது என்று கடற்படை பதிலளித்தது. ஆகவே முடிவுக் கணுவை ஜனவரி 9 இல் ஒன்றும், படகுகள் துறைமுகத்தை விட்டு நீங்கும் நாளில் மற்றொன்றுமாக இரண்டாகப் பிரித்து வரையுங்கள்.