அப்பா கண்டுபிடித்த பிழை

கேம்பஸ் தேர்வில் எனக்கு வந்தது கட்டக் கணக்கு. இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குப் போக வேண்டும். வலப்பக்கமோ கீழேயோதான் நகரலாம், நடுவில் சில கட்டங்களில் தடை. மொத்தம் எத்தனை வழி?

முதலில் ரிகர்ஷன் எழுதினேன், அதாவது ஒவ்வொரு வழியையும் கடைசிவரை நடந்து பார்க்கத் தன்னையே திரும்பத் திரும்ப அழைக்கிற நிரல். 16க்கு 16 கட்டத்தில் தடையே இல்லாவிட்டால் வழிகள் 15,51,17,520. ஒவ்வொன்றாக நடந்து பார்த்தால் எப்போது முடியும்? டைனமிக் புரோகிராமிங்குக்கு மாறினேன்: சின்ன விடைகளை எழுதி வைத்து, அவற்றிலிருந்து பெரிய விடையைக் கட்டுகிற முறை. ஒரு கட்டத்துக்குள் நுழைய இரண்டே வாசல்: மேலே ஒன்று, இடப்பக்கம் ஒன்று. அந்த இரண்டின் எண்ணிக்கையையும் கூட்டி இங்கே எழுத வேண்டும். தடை என்றால் பூஜ்யம். 256 கட்டம், கட்டத்துக்கு ஒரு கூட்டல், அவ்வளவுதான். மாதிரிக் கேள்விக்கு விடை சரி. மறைத்து வைத்திருந்த டெஸ்ட்களில் பாதி அவுட்.

அன்று தக்கலையில் வீட்டுக்கு வந்தால் ஐப்பசி மழை, கரண்ட் இல்லை. வராந்தா டைல்ஸில் சாக்பீஸால் நாலுக்கு நாலு கட்டம் போட்டேன். முதல் வரிசை மூன்றாம் கட்டத்திலும், மூன்றாம் வரிசை இரண்டாம் கட்டத்திலும் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தேன். எண்களை நிரப்பினால் கடைசி மூலையில் 8. விரலால் நடந்து பார்த்தால் 7 வழிதான்.

அப்பா கொத்தனார். தரையைக் கிறுக்குகிறேன் என்று ஏச வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். மேல் வரிசையின் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"லே மக்கா, இந்த மூலைக்கு எப்படி வந்த? இடப்பக்கம் சிரட்ட கெடக்கு, மேல வரிசையே இல்ல. பின்ன எப்படி ஒண்ணு வரும்?"

அதுதான் பிழை. முதல் வரிசையில் தடை இல்லாத கட்டத்துக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 1 போட்டிருந்தேன். தடைக்கு அந்தப் பக்கம் எல்லாமே பூஜ்யம் ஆக வேண்டும். முதல் நெடுவரிசையிலும் தடைக்குக் கீழே அப்படியே. திருத்தி எழுதினால்:

1 1 0 0
1 2 2 2
1 0 2 4
1 1 3 7

வேலை போனது போனதுதான். அப்பா அந்தக் கணக்கை இப்போதும் கொளுத்துவேலைக்குப் போகிற இடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

---

மேலே உள்ளதைப் படித்த இன்னொருவர் நான், ஊர் மார்த்தாண்டம். முதல் வரிசை என் காலையும் வாரியிருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் மேலேயும் இடப்பக்கமும் பூஜ்யத்தால் ஒரு வேலி கட்டிவிடுவேன், தொடக்கக் கட்டத்தில் மட்டும் 1. முதல் வரிசைக்குத் தனிக் கவனிப்பே தேவையில்லை.

எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். 17க்கு 17 வரை ஒழுங்காக வந்த விடை, 18க்கு 18இல் மைனஸ் 196 கோடி! உண்மையான எண்ணிக்கை 233 கோடியைத் தாண்டும். எண்ணை வைக்க நான் எடுத்திருந்த 32 பிட் இன்ட் என்ற வகை 214 கோடியோடு நிறைந்துவிடும், அதைத் தாண்டினால் மைனஸுக்குச் சுற்றிப் போய்விடும். இன்னும் பெரிய எண் கொள்கிற லாங் என்று ஒரு வார்த்தை மாற்றியிருந்தால் போதும். நானோ தடையே இல்லாத பலகையில், தடையைப் பார்க்கிற வரியை அரை மணி நேரம் நோண்டிக்கொண்டிருந்தேன்.